செவிவழி வந்த செல்வம்: வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகளின் வாழ்வும் திருப்புகழ்ப் பாராயணமும்

ஆய்வுச் சுருக்கம்

அருணகிரிநாதரின் திருப்புகழ் அச்சேறிய வரலாறு தமிழாய்வில் ஓரளவு பேசப்பட்டுள்ளது. அச்சேறிய அந்நூல் மக்களின் நாவுக்கு வந்த வரலாறு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் வள்ளிமலைத் திருப்புகழ்ச் சச்சிதானந்த சுவாமிகள் (1870-1950). நோயாலும் இழப்பாலும் தளர்ந்த ஒரு சமையற்காரர், ஓதுதல் என்னும் ஒரே பயிற்சியால் மீண்டும் வாழ்வில் ஊக்கம் பெற்று, பிறர்க்கும் அதனை வழங்கியவராக மாறியதை இக்கட்டுரை அவர் வாழ்க்கை நிகழ்ச்சிகளின்வழி காண்கிறது.

திறவுச் சொற்கள்: திருப்புகழ், பாராயணம், வள்ளிமலை, படித்திருவிழா, வேல்மாறல், அகவளம்

முன்னுரை

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்ப்பெயர்களை ஒருசேரச் சொன்னவுடன் தோல் பதனிடும் தொழிலே எவர்க்கும் நினைவுக்கு வரும். பாலாற்றின் நீரும், ஆவாரம்பட்டையும், தோல் வணிகத்தில் தலைமுறை தலைமுறையாக ஊன்றிய குடும்பங்களும் சேர்ந்து உருவாக்கிய வளம் அது. முதல் உலகப்போர்க் காலத்தில் படைவீரர் காலணிக்காகச் சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோல் பெருமளவில் கடல் கடந்து சென்றது. வடஆற்காட்டுத் தோற்கிடங்குகளில் பணம் புழங்கிய காலம் அது.

அதே காலத்தில், பாலாற்றோடு கலக்கும் பொன்னையாற்றுப் பகுதியில், மேல்பாடியை அடுத்த வள்ளிமலையில் ஒரு துறவி வந்து தங்கினார். அவரிடம் பொருள் ஏதுமில்லை. பள்ளிக்கல்வியும் இல்லை. ஒரு நூலும் அதை ஓயாது ஓதும் நாவும் இருந்தன. இன்று வேலூர் மாவட்டம் காட்பாடி வட்டத்தில் அமைந்துள்ள அம்மலையை முருகனடியார் பலரும் அவர் பெயரோடு சேர்த்தே நினைக்கின்றனர்.

சுவாமிகளைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் அடியவர்கள் எழுதியவை. அவற்றில் அற்புதங்கள் நிறைய. அற்புதங்களை மெய்ப்பிப்பதோ மறுப்பதோ இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் அவ்வற்புதங்களின் ஒளியில் ஓர் எளிய செய்தி மங்கிப்போய்விடுகிறது என்பதைச் சொல்லவேண்டும். அவர் வாழ்வு ஒரே நாளில் மாறிவிடவில்லை. நாள்தோறும் ஓதி ஓதி அவரே அதை மாற்றிக்கொண்டார்.

பவானியிலிருந்து மைசூருக்கு

1870ஆம் ஆண்டு, காவிரியும் பவானியும் கூடும் பவானியில் பிறந்தவர் சுவாமிகள். பெற்றோர் இட்ட பெயர் அர்த்தநாரி. அருகிலுள்ள திருச்செங்கோட்டு இறைவன் பெயர் அது. இளமையில் படிப்பில் நாட்டம் இல்லாதவர். விளையாட்டிலும் துடுக்கிலும் பொழுதைக் கழித்தவர் என்றே குறிப்புகள் கூறுகின்றன. அக்கால வழக்கப்படி இளம்வயதிலேயே திருமணம் நடந்தது. உறவினர் துணையால் மைசூர் அரண்மனை மடைப்பள்ளியில் வேலை கிடைத்தது.

அரண்மனைச் சமையல் என்பது மதிப்பான வேலை. மாதச் சம்பளமும், வயிறார உணவும், அரண்மனைப் பணியாளர் என்ற பெயரும் அதில் உண்டு. புறத்தே பார்த்தால் குறையில்லா வாழ்வு. ஆயினும் வீட்டில் அடுத்தடுத்து இறப்புகள் நேர்ந்தன. முதல் மனைவியை இழந்தார், குழந்தைகளைப் பறிகொடுத்தார். மறுமணம் செய்துகொண்டார். பின்னர்த் தீராத வயிற்றுநோய் பற்றிக்கொண்டது. ஊருக்கெல்லாம் சமைத்துப் போடும் ஒருவர் தாம் உண்ண இயலாமல் வாடும் நிலை வந்தது.

சுவாமிகளின் வாழ்வை எழுதுவோர் இப்பகுதியை விரைவாகக் கடந்துவிடுகின்றனர். பழனிக்கு முன்னுரை என்ற அளவிலேயே அவர்களுக்கு இது தேவைப்படுகிறது. ஆனால் பின்வாழ்வின் பொருள் இப்பகுதியில்தான் இருக்கிறது. ஏறக்குறைய நாற்பது வயதை நெருங்கும்போது ஒருவர் உடலாலும் உள்ளத்தாலும் ஓய்ந்துபோகிறார். வேலை இருக்கிறது, அதைச் செய்யும் ஊக்கம் இல்லை. குடும்பம் இருக்கிறது, அதற்காக வாழும் விருப்பம் குறைந்துவிட்டது. மருந்து எதுவும் பலிக்கவில்லை. இந்த நிலையிலேயே மனைவியோடும் மகனோடும் அவர் பழனிக்குப் புறப்பட்டார்.

பழனியில் கேட்டது

பழனியில் அவர் மலையேறி வழிபட்டுத் திருப்பணி செய்து வந்தார். படிப்படியாக வயிற்றுநோய் தணிந்தது. அங்கே ஒருநாள் திருக்கோயிலில் ஆடல்மகள் ஒருத்தி திருப்புகழ்ப் பாடல் ஒன்றைப் பாடி அபிநயித்ததைக் கண்டார் என்றும், அப்பாடலே அவரைப் பற்றிக்கொண்டது என்றும் வரலாறு கூறுகிறது. பாடலின் சொற்பொருள் முழுவதும் அன்று அவருக்கு விளங்கியிருக்க வாய்ப்பில்லை. திருப்புகழ், புலமை மிக்கவர்க்கும் எளிதில் பொருள் விளங்காத நூல். வடசொல்லும் தென்சொல்லும் பிணைந்து, புராணக் குறிப்புகள் செறிந்து, நெடுந்தொடராக ஓடும் நடை அதற்கு உரியது.

எனினும் அதற்கு இன்னொரு வாயில் உண்டு. அது சந்தம். ஒவ்வொரு பாடலுக்கும் முதலில் ஓர் ஓசைச்சட்டம் அமைகிறது. குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் அந்தச் சட்டத்தில் அடிதோறும் இம்மி பிசகாமல் திரும்பி வருகின்றன. முதலடியின் ஓசையைச் செவி பற்றிக்கொண்டால் அடுத்த அடிகளுக்கு நா தானே வழி கண்டுகொள்ளும். எழுத்தறியாதார் நெஞ்சில் தங்குவதற்கென்றே செய்தது போன்ற யாப்பு இது.

வள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தில் செவியால் பெறுவதைச் செல்வங்களுள் தலையாயதாக வைக்கிறார். கல்லாதவனும் கேட்கலாம்; தளர்ச்சி வந்த நேரத்தில் அது ஊன்றுகோலாகும் என்பது அங்கு அவர் தரும் கருத்து. அர்த்தநாரிக்கு வந்த தளர்ச்சிக்கு ஊன்றுகோலாக அமைந்ததும் கேள்வியே. அகவளம் என்னும் சொல்லை இக்கட்டுரை இப்பொருளிலேயே ஆள்கிறது. செவி வழியாக உள்ளே புகுந்து, ஓதுந்தோறும் பெருகி, பிறர்க்குக் கொடுத்தாலும் குறையாத செல்வம் அது.

கேட்டதோடு அவர் அமையவில்லை. திருப்புகழ் நூலைத் தேடிப் பெற்றார். அதைப் படிக்கவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, நாற்பதை ஒட்டிய வயதில், தமிழ் எழுத்துகளைப் பிறரிடம் கேட்டுக் கற்றார். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, படித்ததை மனனம் செய்தார். முதியோர் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் இந்நிகழ்ச்சியையும் கணக்கில் கொள்ளலாம்.

நூல் எங்கிருந்து வந்தது

அவர் கைக்கு அந்நூல் எட்டியதற்குப் பின்னால் இன்னொரு மனிதரின் உழைப்பு இருந்தது. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை நீதித்துறையில் பணியாற்றி மாவட்ட முன்சீபாக உயர்ந்தவர். 1871ஆம் ஆண்டளவில் சிதம்பரம் கோயில் தொடர்பான ஒரு வழக்கில் தீட்சிதர்கள் தம் உரிமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாடல் ஒன்றை எடுத்துக்காட்டியதைக் கண்டார். அப்பாடலின் அழகு அவரை ஏட்டுச்சுவடி தேடும் பணியில் இறக்கியது. ஊர் ஊராகத் தேடித் தொகுத்து 1894இல் முதற்பகுதியையும் 1901இல் இரண்டாம் பகுதியையும் வெளியிட்டார். அருணகிரியார் பதினாறாயிரம் பாடினார் என்பது மரபு. கிடைத்தவை ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சமே. அவையும் பிள்ளையவர்கள் தேடியிராவிட்டால் பெரும்பாலும் அழிந்திருக்கும். அவர் மகனார் வ. சு. செங்கல்வராய பிள்ளை தந்தையின் பணியைத் தொடர்ந்து உரையும் ஆராய்ச்சியும் எழுதினார். அவருடைய ‘அருணகிரிநாதர் வரலாறும் நூலாராய்ச்சியும்’ 1947இல் வந்தது.

1909இல் சுப்பிரமணிய பிள்ளை மறைந்தார். அவர் அச்சிட்டுக் கொடுத்ததை நாவில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லப்போகும் மனிதர், ஏறத்தாழ அதே காலத்தில்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்தார். பதிப்பும் பாராயணமும் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருந்தியமை தமிழுக்கு நேர்ந்த நற்பேறு. பதிப்பாசிரியரை நாம் போற்றுகிறோம். ஓதியவரைச் சமயத்தின் கணக்கில் எழுதிவிட்டு இலக்கிய வரலாற்றிலிருந்து விலக்கிவிடுகிறோம். இது முறையாகத் தோன்றவில்லை.

திருவண்ணாமலை: இருவர் காட்டிய வழி

பழனியிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தபோது இரமணர் மலைமேல் விரூபாட்சக் குகையில் இருந்தார். கோவணம் மட்டும் உடுத்த அவ்விளந்துறவியிடம் அர்த்தநாரி கண்டது தாம் வணங்கி வந்த பழனியாண்டவர் கோலத்தையே. சிலகாலம் அங்கே பணிவிடை செய்தார். பின்னர் ஒருநாள் கீழே இறங்கிச் செல்லுமாறு இரமணர் பணித்தார். காரணம் விளங்காமலே இறங்கியவர் அடிவாரத்தில் சேஷாத்திரி சுவாமிகளைச் சந்தித்தார். சேஷாத்திரி சுவாமிகளும் 1870இல் பிறந்தவரே. வயதில் இருவரும் ஒத்தவர்கள். திருப்புகழே மகாமந்திரம், வேறு மந்திரமோ சாத்திரமோ உனக்கு வேண்டுவதில்லை, வள்ளிமலைக்குப் போ என்ற கருத்துப்பட அவர் வழிகாட்டினார் என்பது எல்லா வரலாறுகளிலும் காணும் செய்தி.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. மரபான தீட்சை முறையில் குரு ஒரு மந்திரத்தைக் காதில் ஓதுவார். அது பிறர் அறியாதது. இவ்விடத்தில் குரு காட்டியதோ கடையில் விலைக்குக் கிடைக்கும் ஓர் அச்சுநூல். தமிழ்ப்பாட்டு மந்திரமாகும் என்ற எண்ணம் திருமுறை மரபில் முன்பே உண்டு என்றாலும், எவரும் வாங்கி ஓதக்கூடிய நூலை முழுச்சாதனமாகக் காட்டியதில் ஒரு புதுமை இருக்கிறது. சுவாமிகள் பின்னாளில் செய்த எல்லாவற்றுக்கும் வித்து இதுவே. மறைத்து வைக்க அவரிடம் ஒன்றுமில்லை. ஆகவே எல்லாரையும் ஓதச்செய்ய அவரால் முடிந்தது.

வள்ளிமலை

வள்ளிமலை முருகன் வழிபாட்டில் தனியிடம் பெற்றது. வேடர் தலைவன் நம்பிராசன் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் பெண்மகவைக் கண்டெடுத்து வளர்த்த மலை இது என்பது நம்பிக்கை. தினைப்புனமும் பரணும் கிழவேடமும் யானையும் வரும் அக்கதையைக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் விரித்துப் பாடினார். அருணகிரிநாதரும் இத்தலத்தைப் பாடியுள்ளார். மலையில் சமணச் சிற்பங்களும் கங்க மன்னன் இராசமல்லன் காலத்துக் கல்வெட்டும் உள்ளன. அண்மையிலுள்ள மேல்பாடியில் முதலாம் இராசராசன் அரிஞ்சயனுக்கு எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. பல சமயத்தார் தவத்துக்கும் நினைவுக்கும் தேர்ந்துகொண்ட நிலம் என்பதற்கு இவை சான்று.

துறவு பூண்டு சச்சிதானந்தர் என்னும் பெயரோடு வந்த சுவாமிகள் மலைமேல் ஒரு குகையைத் தம் உறைவிடமாக்கிக்கொண்டார். அங்கே திருப்புகழ் ஆசிரமம் உருவாயிற்று. வள்ளியைப் பொங்கி என்னும் பெயரில் மலைமகளாகவே வழிபட்டார். பொங்கி அவருக்குக் கோயில் கருவறைத் தெய்வம் மட்டும் அல்லள். அம்மலையில் உலவுகின்ற, பேசுகின்ற, பிணங்குகின்ற ஒரு சிறுமி. குழந்தைகளை இழந்த தந்தை ஒருவர் தெய்வத்தைச் சிறுமியாகக் கண்டது குறித்து மேலும் விளக்க வேண்டியதில்லை.

நாள் முழுதும் ஓதுவதே அவர் தொழில். மலை ஏறும்போதும், உணவு ஆக்கும்போதும், வழிப்பயணத்திலும் பாடல் ஓடிக்கொண்டிருக்கும். மடைப்பள்ளியில் கற்ற கை சும்மா இருக்கவில்லை என்று கருதுவதில் பிழையில்லை. தேடி வந்தவர்க்கு அவர் தந்த அறிவுரையும் ஒன்றே. நோய் என்று வந்தாலும், கடன் என்று வந்தாலும், மனச்சோர்வு என்று வந்தாலும் திருப்புகழ் ஓதச் சொன்னார். இன்றைய வாசகர்க்கு இது எளிமைப்படுத்தலாகத் தோன்றலாம். ஆனால் அவர் கேட்டது சிறு காரியமன்று. திருப்புகழை ஒருநாள் ஓதிவிட்டுப் போக முடியாது. மூச்சை அடக்கி, சந்தம் பிறழாமல், நெடிய அடியை முடிக்க நாட்கணக்கில் பழகவேண்டும். சோர்ந்தவனுக்கு நாள்தோறும் செய்வதற்கு ஒரு செயல் கிடைக்கிறது. நேற்று தடுமாறிய அடி இன்று தடையின்றி வருகிறது. இந்தச் சிறுவெற்றி அவனை நாளை மறுபடி உட்கார வைக்கிறது. சுவாமிகள் தம்மிடம் கண்டதைத்தான் பிறர்க்கும் சொன்னார்.

தணிகைத் துரை

1910களின் பிற்பாதியில் சுவாமிகள் தொடங்கிய திருத்தணிப் படித்திருவிழா அவர் செயல்களுள் மிகப் பரவலாக அறியப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் சனவரி முதல் நாள் இந்திய அலுவலர்கள் பூவும் பழமும் மாலையுமாகத் தம் வெள்ளைக்கார மேலதிகாரிகளின் வீட்டு வாயிலில் காத்து நிற்பர். துரையைக் கண்டு வணங்கி வந்தால் அந்த ஆண்டு நன்றாக இருக்கும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. சுவாமிகள் இதைக் கண்டித்துச் சொற்பொழிவு செய்யவில்லை. எல்லாத் துரைகளுக்கும் மேலான துரை தணிகையில் இருக்கிறார், அன்று அவரை வந்து பாருங்கள் என்று அழைத்தார்.

திருத்தணி மலைக்கு ஆண்டின் நாட்களைக் குறிக்கும் வகையில் 365 படிகள். டிசம்பர் 31 அன்று தொடங்கி ஒவ்வொரு படிக்கும் சூடம் காட்டி, ஒரு திருப்புகழ் பாடி, அடுத்த படிக்கு ஏறுவது முறையாயிற்று. புத்தாண்டு பிறக்கும்போது அடியார் கூட்டம் மலையுச்சியில் முருகன் திருமுன் நிற்கும். மாகாண அலுவலகங்களில் பணிபுரிந்தோரே இதில் மிகுதியாகக் கலந்துகொண்டனர் என்பது எண்ணத்தக்கது. பிற்காலத்தில் திருவிதாங்கூர் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த வழக்கறிஞர் தி. மு. கிருட்டிணசாமி ஐயர் திருப்புகழ் இசைவழிபாட்டில் முன்னின்றதனால் திருப்புகழ் மணி என்றே அழைக்கப்பட்டார்.

இதனை விடுதலைப் போராட்ட நிகழ்ச்சியாகக் காட்ட முனைவது மிகை. ஆயினும் அதிகாரத்தின் முன் குனிந்து நின்று பெறும் ஆக்கத்தை ஒரு நாளைக்காவது மறந்து, ஒருவன் தன் நாவாலும் காலாலும் ஏறிப் பெறும் ஆக்கத்தை அலுவலர்களுக்கு அவர் காட்டினார். இன்னொரு செய்தியும் சேர்த்துச் சொல்லத்தக்கது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. பின் எல்லைப் போராட்டம் நடந்து 1960இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான தமிழ் அடிகள் அம்மலையில் படிதோறும் ஒலித்துவந்தன. எல்லை வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் சான்றுகளுள் இதற்கு இடமில்லாமல் போனாலும், இலக்கியம் நிலத்தோடு கொண்ட உறவுக்கு இது நல்ல சான்றே.

வேல்மாறல்

சுவாமிகள் புலவர் அல்லர். எனினும் யாப்பமைதி பற்றிய நுண்ணிய செவி அவரிடம் இருந்தது என்பதற்கு வேல்மாறல் சான்று. அருணகிரிநாதரின் திருவகுப்பு நூலுள் வேல் வகுப்பு 16 அடிகள் கொண்டது. அவ்வடிகளைச் சுவாமிகள் ஒரு முறைவைப்பின்படி மாற்றி மாற்றி அமைத்தார். ஒவ்வோர் அடியும் நான்கு முறை வர, மொத்தம் 64 அடிகளாக விரிந்தது. வரிசை மாறுவதால் மாறல் எனப் பெயர் பெற்றது. ஒவ்வோர் அடியோடும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப மறித்து ஓதுவது அதன் முறை. நோயும் அச்சமும் நீங்க ஓதப்படுவது.

மூலத்தில் ஒரு சொல்லையும் அவர் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வேல் வகுப்பின் அடிகள் ஒவ்வொன்றும் தன்னளவில் நிறைவுற்று, வேல் என்னும் ஒரே பயனிலையை நோக்கிச் செல்வதனால் இம்மாற்றத்துக்கு இடங்கொடுக்கின்றன. கதை வளர்ச்சியுடைய பாடலில் இதைச் செய்யமுடியாது. எந்த நூல் இதைத் தாங்கும் என்று கண்டதில்தான் அவர் நுட்பம் இருக்கிறது. பயிற்சி நோக்கிலும் இது கருதத்தக்கது. மனனமான பாடலை நா தானே ஓதும். மனம் எங்கோ திரியும். வரிசை மாறிக்கொண்டே இருந்தால் மனம் ஒவ்வோர் அடியிலும் விழித்திருந்தாக வேண்டும். பல்லாண்டுகள் ஓதிய ஒருவர்க்கே ஓதுவதில் நேரும் இந்தச் சோம்பல் தெரிந்திருக்கும். அதற்கு மாற்றும் அவரே கண்டார்.

இறுதி ஆண்டு

1950 ஏப்பிரலில் இரமணர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று சுவாமிகளும் மறைந்தார். வள்ளிமலைக் குகையில் அவர் திருமேனி அடக்கம் செய்யப்பட்டது. வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் பிறந்த திருமுருக கிருபானந்த வாரியார் 1936 முதல் ‘திருப்புகழ் அமிர்தம்’ இதழ் வழியும் விரிவுரைகள் வழியும் அந்நூலின் பொருளைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றார். ஒரே வட்டாரத்திலிருந்து ஒருவர் ஓசையையும் மற்றவர் பொருளையும் பரப்பினர்.

வேல்மாறல் இன்று முருகன் கோயில் வாயிற்கடைகளில் சிறுநூலாக விற்கிறது, கைப்பேசிகளில் ஒலிக்கிறது. ஓதுவோரிற் பலர் அதனை முழுவதும் அருணகிரிநாதர் வைத்த வரிசை என்றே எண்ணுகின்றனர். திருவகுப்புப் பதிப்புகளோடு ஒப்புநோக்கி, சுவாமிகளின் அடிவைப்பு முறையை விளக்கும் ஆய்வுப்பதிப்பு ஒன்று வெளிவருதல் வேண்டும். அப்பதிப்பின் முகப்பில் மூலவாசிரியர் பெயருக்குக் கீழே, நாற்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்ற அந்த மடைப்பள்ளிப் பணியாளரின் பெயரும் தொகுத்தமைத்தவராக இடம்பெறவேண்டும்.